மருந்து சார்ட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கும், ஆஸ்பத்திரிகளை நடத்தும் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். தாமிரபரணிக் கரை ஊர்களின் ஆஸ்பத்திரி வார்டுகளில் நெடுநாளாக வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாங்கள் தினமும் கையெழுத்துப் போடுகிற மருந்து சார்ட்டில் மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் வழி, நேரம் என்று கட்டங்கள் இருக்கின்றன. அவற்றோடு இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். ‘இந்த மருந்து இவருக்கு எதற்கு?’ என்பது ஒன்று. ‘அது நடந்ததா?’ என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எழுதத் தெரிந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் எங்களிடம் அனுப்ப வேண்டும். எழுத நேரமும் உரிமையும் கண்காணிப்பாளர்கள் தர வேண்டும்.

வார்டுக்கு வரும் மாணவிகளுக்கு ஐந்து ‘சரி’கள் மனப்பாடமாகத் தெரியும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தும் எங்களையும் நோயாளியையும் காப்பாற்றுகிற பாடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐந்தும் சரியாக இருந்து, சார்ட் முழுக்கக் கையெழுத்தும் விழுந்து, நோயாளி மட்டும் வந்த மாதிரியே படுத்திருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போதைய பாடப்புத்தகங்கள் சரியான காரணம், சரியான பலன் என்று இன்னும் சிலவற்றைச் சேர்த்துவிட்டன. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். கட்டில் பக்கத்தில் வந்து நிற்கும்போது அந்த இரண்டும் எங்கே போகின்றன என்பதுதான் என் கவலை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இதயம் பலவீனமாகி, கால் இரண்டும் வீங்கி வந்து படுத்திருக்கும் ஓர் ஆச்சிக்கு, உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு மாத்திரை எழுதியிருக்கிறது. “இது எதுக்கும்மா?” என்று மாணவியிடம் கேட்டால் “டையூரெடிக், சிஸ்டர்” என்று சட்டென்று பதில் வரும். “இந்த ஆச்சிக்கு எதுக்கு?” என்று கேட்டால் விழிப்பாள். அதே கேள்விக்கு ஆச்சி பதில் சொல்லிவிடுவாள்: “மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது தாயி. ராவெல்லாம் உக்காந்தே இருக்கேன்.” அவள் ராத்திரி கால் நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும், அதுதான் அந்த மாத்திரையின் வேலை. இது தெரிந்துவிட்டால் நர்ஸ் பார்க்க வேண்டியவை தன்னால் வரிசையில் வந்து நிற்கும். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும், நேற்றைய எடையோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு சிறுநீர் போனது என்று அளக்க வேண்டும். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறதா, நேற்றைய குழியைவிட ஆழம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, பிரஷர் இறங்கிவிட்டதா, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துவிட்டதா என்பதையும் கவனிக்க வேண்டும். மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் கொடுத்தால் ராத்திரியெல்லாம் கக்கூசுக்கு நடந்தே ஆச்சியின் தூக்கம் போய்விடும்; எதற்காகக் கொடுத்தோமோ அதையே கெடுத்தது போல் ஆகும்.

எடை எழுதாத சார்ட்டை வைத்துக்கொண்டு, மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று எப்படி முடிவு செய்வார்? ‘கொடுத்தாச்சு’ என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது, அந்த நோக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. காசநோய் மருந்து நோயை வேரோடு எடுக்க. இன்சுலினும் தைராக்சினும் உடம்பில் இல்லாததை ஈடுகட்ட. பிரஷர் மாத்திரை நோயைக் கட்டுக்குள் வைக்க. பிரசவம் ஆனவுடன் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசினும், வெறிநாய் கடித்தவருக்குப் போடும் தடுப்பூசியும் வரப்போவதை, அதாவது ரத்தப்போக்கையும் வெறிநோயையும், வராமல் தடுக்க. புற்றுநோய் முற்றியவருக்குக் கொடுக்கும் மார்ஃபின் வலி இல்லாமல் இருக்க. இந்த நோக்கங்களைக் குழப்பிக்கொண்டால் கவனிப்பும் குழம்பும்.

பிரசவ வார்டில் இது உயிர் விஷயம். பிரஷர் ஏறி வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் போடுகிறோம். அது பிரஷரைக் குறைக்கிற மருந்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. அதன் வேலை வலிப்பு வராமல் தடுப்பது. பிரஷருக்கு லேபட்டலாலோ நிஃபெடிபினோ தனியாக எழுதியிருப்பார்கள். இரண்டின் நோக்கமும் வேறு, அதனால் பார்க்க வேண்டியதும் வேறு. மக்னீசியத்துக்கு, அடுத்த டோஸ் போடுவதற்கு முன்னால் முழங்காலைத் தட்டி அது துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அடுத்த ஊசியை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். மக்னீசியம் உடம்பில் அதிகமாகிவிட்டால் அதை முறிக்கப் போடும் கால்சியம் குளுக்கோனேட் அதே தட்டில் தயாராக இருக்க வேண்டும். பிரஷர் இறங்கியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று பிரஷரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸுக்கு, முழங்கால் துள்ளாமல் போனதைக் கவனிக்கத் தோன்றாது.

நம் சீமையில் இதற்கெல்லாம் மேலாக நான் சொல்ல வேண்டியது பாம்புக்கடி. கார், பிசானம் இரண்டு போகத்திலும் வயலில் இறங்குகிற சனங்கள் நாம். வரப்பில் கண்ணாடி விரியன், வைக்கோல் படப்பில் நல்ல பாம்பு, தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைச் சத்தமில்லாமல் கடித்துவிட்டுப் போகும் கட்டு விரியன். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்த மூன்றோடு சுருட்டை விரியனையும் சேர்த்து நான்குக்கும் பொதுவானது. ஆனால் எந்த விஷம் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்து நாம் எதிர்பார்க்கும் பலன் மாறுகிறது.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ரத்தம் உறையாமல் போகிறது. ரத்தம் மறுபடியும் உறைய வேண்டும் என்பதுதான் மருந்தின் இலக்கு. அதைத் தெரிந்துகொள்ள நமக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவாத, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீராக ஓடினால் உறையவில்லை. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலும், நடுவில் எடுத்து எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு பொய்யாகிவிடும். இந்தச் சோதனையைச் செய்வது பெரும்பாலும் நாங்கள்தான்.

முதல் 10 குப்பி ஏற்றியானதும், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இதே சோதனை. ஏன் ஆறு மணி நேரம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் கட்டிப்போடும். ஏற்கெனவே செலவாகிப்போன உறைபொருள்களை அது திருப்பித் தராது. கல்லீரல்தான் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்கு அவ்வளவு நேரம் ஆகும். இந்தக் காரணம் தெரிந்த நர்ஸ், மருந்து ஏற்றி ஒரு மணி நேரத்தில் ரத்தம் இன்னும் ஓடுகிறதே என்று பதற மாட்டார். ஆறாவது மணி நேரம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வந்தாலும் சோதனையை விட்டுவிடவும் மாட்டார். சார்ட்டில் ‘எதற்கு: ரத்தம் உறைய. எப்போது பார்க்க: ராத்திரி 8 மணி’ என்று எழுதியிருந்தால், அப்போதுதான் டூட்டிக்கு வந்த பிள்ளைகூட அதைப் பார்த்துச் செய்துவிடும்.

நல்ல பாம்பும் கட்டு விரியனும் கடித்தால் குழாய் ரத்தத்தால் ஒன்றும் தெரியாது. இமை தூக்க முடிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்க வேண்டும். மூச்சு நிற்காமல் காப்பதுதான் அங்கே முழு நோக்கமும். அதே நேரம் இந்த விஷமுறிவு மருந்தே ஒவ்வாமல் போகலாம். அரிப்பு, தடிப்பு, வாந்தி, இருமல், பிரஷர் இறக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே போட அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றுதான். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா என்று வீட்டார் பயப்படுவார்கள், புதிய நர்ஸும் பயப்படுவார். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. உள்ளே இறங்கிய விஷத்துக்குத்தான் மருந்து. பிள்ளையின் எடைக்கு இல்லை. நோக்கம் தெரிந்தால் இந்த அளவு ஏன் என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

அவசர வார்டை விடுங்கள். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் வருகிறேன். மடியில் சுளகை வைத்து, புகையிலைத் தூளின் நடுவே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஓர் அக்காளுக்கு இழுப்பு. இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுக்கிறார்கள். சால்பியூட்டமால், இழுப்பு வந்தால் அப்போதைக்கு மூச்சுக் குழாயைத் திறந்துவிட. புடசோனைடு, மூச்சுக் குழாயின் வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து இழுப்பே வராமல் பார்த்துக்கொள்ள. முதலாவது போட்டவுடன் தெரியும். இரண்டாவதுக்கு நாட்கள், சில பேருக்கு வாரங்கள் ஆகும். இதை யாரும் சொல்லாததால் என்ன நடக்கிறது? “அந்த மருந்து சும்மா, போட்டா ஒண்ணுமே தெரியல” என்று இரண்டாவதை நிறுத்திவிடுகிறார்கள். முதலாவதை நாளுக்குப் பல தடவை இழுக்கிறார்கள். கடைசியில் ராத்திரி மூச்சு முட்டி ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். இன்ஹேலரில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த அக்காளிடம் “உனக்கு என்ன நடந்தா இந்த மருந்து வேலை செஞ்சுதுன்னு வச்சுக்குவ?” என்று கேட்டுப் பாருங்கள். “ராவுல இருமாமத் தூங்கணும், ஒரு நா கூட விடாம ஆயிரம் சுத்திக் கடையில ஒப்படைக்கணும்” என்பாள். இதை அப்படியே சார்ட்டில் எழுதிவிடலாம். டாக்டர் எழுதுகிற நோக்கமும் நோயாளி நினைக்கிற நோக்கமும் சேர்ந்தால்தான் மருந்து உள்ளே போகும். புடசோனைடு இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கு வெள்ளை படிந்து அதனாலேயே நிறுத்திவிடுவார்கள்.

வீடு தேடிப் போகும் மாத்திரைகளுக்கும் இதே கதைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. பஸ் ஏறி வர முடியாத பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்று எண்ணுவதோடு நிறுத்திவிடக் கூடாது. பிரஷர் 140/90-க்குக் கீழே வந்ததா என்று பார்க்க வேண்டும். அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியதால் பயந்து, மாத்திரையைத் தகர டப்பாவில் சேர்த்துவைத்திருக்கும் தாத்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கால் வீக்கத்தை முன்கூட்டியே சொல்லி, வந்தால் வந்து காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டால் மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது.

மேலப்பாளையத்தில் ரமலான் மாதம் வரும்போது இன்சுலினும், சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் எடுப்பவர்களின் நேரமும் அளவும் மாற வேண்டியிருக்கும். அந்த மாதத்தில் முதல் நோக்கம் சுகர் தாழ்ந்து மயங்கி விழாமல் இருப்பது. இதை நோன்பு தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நோயாளி தானாகக் கேட்பார் என்று காத்திருக்காமல் நாம்தான் முதலில் கேட்க வேண்டும். அதே போல, 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற சீமை இது. கஷாயமும் சூரணமும் நம் வீடுகளில் சாதாரணம். “வேற என்ன மருந்து சாப்பிடுதீங்க?” என்று முகம் சுளிக்காமல் கேட்டு, அதையும் சார்ட்டில் எழுதுங்கள். திட்டினால் மறைத்துவிடுவார்கள்.

வலியைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. புற்றுநோய் எலும்பில் பரவி வந்தவருக்கு வாய்வழி மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதியிருக்கும். 6, 10, 2 என்று நேரப்படி கையெழுத்து இருக்கும். அந்த மனிதர் மட்டும் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடப்பார். வலி எவ்வளவு குறைந்தது என்று எங்குமே எழுதியிருக்காது. வாயால் கொடுத்தால் சுமார் ஒரு மணி நேரத்திலும், நரம்பில் போட்டால் அரை மணி நேரத்துக்குள்ளும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்க வேண்டும். எண்ணிச் சொல்லத் தெரியாதவரிடம் “புரண்டு படுக்க முடியுதா, கஞ்சி இறங்குச்சா, தூங்குனீங்களா” என்று கேட்டால் போதும். மூச்சை எண்ண வேண்டும், மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிமையாகிவிடுவார் என்று பயந்து டோஸைத் தள்ளிப்போடும் நர்ஸுகள் இன்றும் இருக்கிறார்கள். வலியோடு சாகப்போகிறவருக்கு இந்தப் பயத்தால் நாம் செய்வது கொடுமை. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014-ல் போதைமருந்துச் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் இறங்கி வந்துவிட்டது, வார்டில் இருக்கும் நாம் இன்னும் வரவில்லை.

இனி, நீங்கள் சொல்லப்போகும் பதில்களுக்கு வருகிறேன்.

நோக்கத்தை முடிவு செய்வது டாக்டரின் வேலை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்று நாங்கள் முடிவு செய்யக் கேட்கவில்லை. அவர் மனதில் இருக்கும் காரணத்தை ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் கேட்க எங்களை விடுங்கள். “இது எதுக்கு சார்?” என்று கேட்ட நர்ஸை ரவுண்ட்ஸில் பத்துப் பேர் முன்னால் “சொன்னதைச் செய்” என்று வாயடைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்தும் அதிகாரம் கண்காணிப்பாளர்களான உங்களிடம்தான் இருக்கிறது. காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பவரால் தவறான மருந்தையும் கண்டுபிடிக்க முடியாது. சுகர் இல்லாத நோயாளிக்குக் கிளிமிபிரைடு வந்து நின்றால், ‘எதற்கு’ என்ற கட்டம் காலியாக இருப்பதே எங்களைத் தடுத்து நிறுத்தும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்தால் வரும் கடுமையான தீங்குகளை ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலகத்துக்கே இலக்கு வைத்தது. அதற்கு வார்டு அளவில் நம்மால் செய்யக்கூடியது இதுதான்.

நேரம் இல்லை என்பீர்கள். அது உண்மை, அதை மறைக்கவும் மாட்டேன். ராத்திரி டூட்டியில் வார்டு முழுவதையும் ஒரே நர்ஸ் பார்க்கும் நிலையில், எல்லா மருந்துக்கும் திரும்பிப் போய்ப் பார்க்கச் சொல்வது நடக்காத காரியம். ஆள் சேருங்கள் என்று சங்கங்கள் வருஷக்கணக்காகக் கேட்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் ஆள் சேரும்வரை எதுவும் செய்யாமல் இருக்க வேண்டாம். வைட்டமின் மாத்திரைக்கு இதெல்லாம் தேவையில்லை. இன்சுலின், மக்னீசியம், மார்ஃபின், விஷமுறிவு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், நரம்பில் போடும் பொட்டாசியம், இதயத் துடிப்புக்கான டிகாக்ஸின் என்று ஆபத்தான சிலவற்றுக்கு மட்டும் தொடங்கலாம்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மருந்தியல் பாடத்தில் மருந்தின் வகை, செயல்படும் விதம், பக்கவிளைவு என்று வரிசையாக எழுத வைப்பதோடு, கிளினிக்கல் டூட்டிக்கு வரும் பிள்ளைகளை ஒரு நோயாளியின் கட்டிலருகே நிறுத்தி, அவருடைய சார்ட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்கு எதற்கு, நடந்தால் எப்படித் தெரியும், எப்போது போய்ப் பார்ப்பாய். நோயாளி சொன்ன வார்த்தையிலேயே ஒரு பதிலாவது இருக்க வேண்டும் என்று கட்டாயம் வையுங்கள். அந்த நோட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள். ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்பதையும் இப்படியே பழக்குங்கள். “12-ஆம் பெட், எல்லா மருந்தும் கொடுத்தாச்சு” என்பதற்குப் பதிலாக “12-ஆம் பெட் ஆச்சி நேற்றைவிட ஒரு கிலோ குறைஞ்சிருக்காங்க, ராத்திரி ஒரு தலையணையில படுத்தாங்க” என்று சொல்லப் பழகட்டும்.

கண்காணிப்பாளர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. புதிய சார்ட் அச்சடிக்க நிதி, ஒப்புதல், டெண்டர் என்று நாளாகும் என்பது தெரியும். பிரசவ வார்டிலும் அவசரப் பிரிவிலும் மட்டும், இப்போது இருக்கும் சார்ட்டின் வலது ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு இந்த இரண்டு கட்டங்களையும் நாங்கள் நிரப்பலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். டாக்டர்களுக்கும் அதன் நகல் போகட்டும். அடுத்த தடவை சார்ட் அச்சுக்குப் போகும்போது அந்தக் கோடும் அச்சில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்
சேரன்மகாதேவி வட்டாரம்